கதவோரக் கோடு

வாடகைக்காரர் போனால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டுத்தான் பளீல் வீட்டை அடுத்தவருக்குக் காட்டுவார்.

கட்டுக்கலைப் பகுதியில் இருந்த அவருடைய வீட்டில் மலேரியாவில் இறந்த சிறுமியின் உயரத்தை, அவள் இருந்தபோது பெற்றோர் கதவோரச் சுவரில் பென்சிலால் குறித்திருந்தார்கள். அவர்கள் போனபின் பளீல் அதன்மேல் மூன்று முறை சுண்ணாம்பு அடித்தார். பூட்டிய வீட்டுக்குள் கோடு ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது, முன்பைவிட ஒரு விரற்கடை உயரமாக.

"வாற ஆக்களுக்கும் புள்ள இருக்காம். சொல்லிடுங்க," என்றாள் மனைவி மஸீனா.

"சொன்னா யாரு வருவா? ஒரு வருஷமா பூட்டிக் கிடக்கு."

பளீல் அந்த வீட்டில் கிடந்த அலுமாரியை நகர்த்திக் கோட்டை மறைத்தார்.

மறுநாள் காலை ஆசிரியர் வில்பிரட் மகளுடன் வந்தார். பளீல் சாவியை நீட்டும்போது, மகள் அலுமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"வெளிய வா," என்றாள் சிரித்தபடி. "முதுகோட முதுகு நின்னு பாப்போம், யாரு உசரம்னு."