நான்கு பேருக்கான அறை

வேலூரில் வெயில் ஐம்பது டிகிரியைத் தாண்டிய பிறகு, மாநகராட்சி ஒவ்வோர் ஏழை வீட்டிலும் ஓர் அறைக்கு மட்டும் வெப்பம் புகாத பூச்சு பூசி, இலவசமாகக் குளிரூட்டிக் கொடுத்தது. தமயந்தி வீட்டு அறை நான்கு பேருக்கானது. உள்ளே இருப்பவர்களை எண்ணும் இயந்திரம், ஐந்தாவது ஆள் நுழைந்தால் குளிரை நிறுத்திவிடும். அவள், கணவன் எத்திராஜ், இரண்டு பெண்கள். சித்திரையில் மூன்றாவது குழந்தை பிறந்தது. இயந்திரம் அதையும் ஓர் ஆளாகவே எண்ணியது.

"நீ புள்ளைக்குப் பால் குடுக்கணும். நான் வெளிய இருந்துக்கறேன்," என்றான் எத்திராஜ்.

ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, தகரக்கூரை போட்ட சமையலறையிலேயே பகலைக் கழித்தான். மாற்றி உட்காரலாம் என்று அவள் கூப்பிட்டபோதெல்லாம் மறுத்தான். அவள் பெரிய அறை கேட்டு மனு கொடுத்தாள். பதினோராம் நாள் மதியம் சாப்பிடக் கூப்பிட்டபோது, சுவரில் சாய்ந்தபடியே இறந்திருந்தான்.

காரியம் முடிந்த மறுவாரம் மாநகராட்சி ஊழியரான ஒரு பெண்மணி அவள் கொடுத்திருந்த மனுவோடு வந்தார்.

"பெரிய ரூம் கிடைக்க ரெண்டு வருஷம் ஆகும்மா. ஆனா இப்ப நீங்க நாலு பேருதானே, இதுவே போதும்," என்றார் ஆறுதலாக.

அவர் போனதும் குழந்தை பாலுக்கு அழுதது. தமயந்தி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை அவளால் தாங்க முடியவில்லை.