டாக்டர் ஹாஸ்கெட் விருந்துக்கு வந்த வெள்ளிக்கிழமை

"பிரபா, மேடத்தை உள்ள கூட்டிட்டுப் போ. நாங்க ஆம்பளைங்க இங்க பேசிக்கிறோம்" என்றான் பாஸ்கர்.

ஹாலில், விருந்துக்கு வந்த உயரமான வெள்ளைக்காரருக்குப் பக்கத்தில், அவனுக்கு விசா கொடுத்த கஃபீல் அபு காலித் உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறாம் வருஷத்துச் சவூதியில், தம்மாமில், விருந்தென்றால் அப்படித்தான். ஆண்கள் முன்னால், பெண்கள் திரைக்குப் பின்னால்.

பிரபாவதிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வாயைத் திறக்காமல் அந்த அமெரிக்க அம்மாளை அடுக்களைக்கு அழைத்துப்போனாள்.

அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? டாக்டர் ஹாஸ்கெட் அல்லவா வீட்டுக்கு வந்திருக்கிறார்!

அயோவாவில் மாட்டுப்பண்ணையில் பிறந்து, பால் ஏன் திரிகிறது என்று கேட்டுக் கேட்டு வீட்டாரின் உயிரை வாங்கியவர். முதல் கட்டுரையைப் பத்திரிகைகள் திருப்பியனுப்பியும் அசராதவர். அரிவாள் மாதிரி வளைகிற ரத்த அணு இந்தப் பக்கத்துக் கிராமத்தாரை மட்டும் ஏன் அவ்வளவாகப் படுத்துவதில்லை என்று பார்க்க, இந்த வயதில் மணல்காட்டில் வந்து இறங்கியிருக்கிறார்.

மெட்ராஸில் எம்.எஸ்சி. படித்தபோது அவருடைய புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள் பிரபாவதி. கல்யாணமாகி இங்கே வந்தபின் அவள் கைக்குக் கரண்டிதான் வாய்த்தது.

டாக்டரின் லேபுக்கு ஆள் எடுக்கிறார்களாம். தனக்காக ஒரு வார்த்தை கேட்கச் சொல்லி பாஸ்கரை நச்சரித்துக்கொண்டிருந்தாள். அவனும் சரி சரி என்பான். டாக்டரின் கதையை ஆரம்பித்தால் மட்டும் பேப்பரை விரித்துக்கொள்வான்.

அமெரிக்க அம்மாள் முக்காலியில் உட்கார்ந்து வடையைக் கடித்தார். மோர்க்குழம்பைக் கொதிக்க விடாமல் ஏன் இறக்கினாய் என்று கேட்டார்.

பிரபாவதி பிடித்துக்கொண்டாள். முதலில் இங்கிலீஷ் தடுக்கியது. பிறகு சூடு, புளிப்பு, புரதம் என்று மடை திறந்த மாதிரி வந்தது. கரண்டியால் காற்றில் படம் போட்டுக் காட்டினாள். அந்த அம்மாள் மேலே மேலே கேட்டார். ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு இருவரும் பேசியதில் வடையெல்லாம் ஆறிப்போனது.

ஹாலில் பாஸ்கர் ரத்தத்தைப் பற்றிக் கேட்டுத் துளைத்துக்கொண்டிருந்தான். உயரமான வெள்ளைக்காரர் எல்லாவற்றுக்கும் சிரித்துவைத்தார்.

விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டு, காலரைத் தூக்கிவிட்டபடி பாஸ்கர் உள்ளே வந்தான்.

"டாக்டர்கிட்ட உன் வேலை விஷயத்தப் போட்டுட்டேன். வைஃப்கிட்ட கேட்டுச் சொல்றேன்னாரு. பாவம், வீட்ல அந்தம்மா ராஜ்யம் போல."

"அவங்க சொல்லிட்டாங்க. நாளைக்கே டூட்டிக்கு வரணுமாம்."

பாஸ்கர் திருதிருவென்று விழித்தான். ஹாலில் இவ்வளவு நேரம் அவனிடம் மாட்டிக்கொண்டவர் டாக்டரம்மாவின் புருஷன்; ஊரில் பள்ளிக்கூட பேண்டு வாத்தியார்.

அந்த அம்மாளின் முகம், பாடப்புத்தகத்தின் பின்னட்டையில் இரண்டு வருஷம் பார்த்துப் பழகிய முகம். அவர் காரைவிட்டு இறங்கும்போதே பிரபாவதிக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதே சொல்லியிருந்தால், அவரை ஹாலில் அல்லவா உட்காரவைத்திருப்பான்.