வெளுக்க ஆசைப்பட்ட பிளக்

பழைய பந்தயக் காரின் எஞ்சின் இருட்டில் குடியிருந்த ஸ்பார்க் பிளக்குக்கு, தன் முகம் என்ன நிறம் என்று பார்த்துவிட ஒரே துடிப்பு.

"கரி அப்புதுப்பா. பெட்ரோலைக் கொஞ்சம் குறையேன், பளிச்சுன்னு வெளுத்துடுவேன்" என்று கார்பரேட்டர் ஸ்க்ரூவிடம் கெஞ்சியது. ஸ்க்ரூவும் மனமிரங்கி அரைச் சுற்று இறுகிக்கொண்டது.

பிளக் வெளுத்தது. எஞ்சின் கொதித்து, மேட்டில் கார் இருமி நின்றது.

மெக்கானிக் சூசை பிளக்கைக் கழற்றினார். அசந்துபோவார் என்று அது காத்திருந்தது. அவரோ பதறினார்: "அய்யய்யோ, பெட்ரோல் பத்தாம சூடேறி வெளிறிப்போச்சே! பிஸ்டனே உருகியிருக்கும்!"

ஸ்க்ரூவைத் தளர்த்தி, காரை ஓட்டிவிட்டு வந்து மறுபடி கழற்றினார். வழக்கம்போல் தன் பழுப்பு மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுதான் நிறம்!"

பிளக் ஆவலாய்க் குனிந்து பார்த்தது. எது தன் முகம், எது அவர் கை என்று சட்டெனத் தெரியவில்லை.