ஒட்டாத காகிதம்

மெல்லிய காகிதத் துண்டு நான்காவது முறையாகவும் கீழே விழுந்தது. குளியலறைக் கூரையில் புதிதாக மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஊரைக் கூட்டுகிற மாதிரி இரைந்ததே தவிர, ஒரு காகிதத்தை இழுத்துப் பிடிக்க அதற்குத் தெம்பில்லை.

ஏணியில் நின்றிருந்த மருமகன் கீழே பார்க்கவில்லை. கீழே, கவிழ்த்த வாளியின் மேல் மாமனார் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவர். மருமகனுக்கோ நூலகத்தில் வேலை.

மாப்பிள்ளையை நேருக்கு நேர் திட்டுவது மரியாதையில்லை என்பது அவர் கொள்கை. அதனால் மூடிய கதவைப் பார்த்து, அந்தப் பக்கம் இருந்த மகளிடம் பேசினார்.

“ஏம்மா, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. இது புத்தகம் அடுக்கற வேலை இல்ல. ஃபேன் சத்தம் போட்டா மட்டும் போதாது, காத்தையும் இழுக்கணும்.”

வெளியிலிருந்து பதிலுக்கு இருமல்தான் வந்தது.

இரண்டு மாத இருமல். ஜன்னல் இல்லாத அந்தக் குளியலறையில் கருப்பாகப் படர்ந்த பூஞ்சைதான் காரணம், முதலில் ஈரத்தை வெளியேற்றுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் பெண்ணைக் கையோடு கூட்டிப் போய்விடுவேன் என்று மாமனாரும் சொல்லிவிட்டார். அவள் பை கட்டில்மேல் தயாராக இருந்தது.

காலையில் ஃபேனை மாட்டும்போது மருமகன் எதையும் அரைகுறையாகச் செய்யவில்லை. முதலில் டெஸ்டரை மின்சாரம் இருக்கும் பிளக்கில் வைத்துப் பார்த்தான். டெஸ்டரே செத்திருந்தால் உயிருள்ள கம்பியும் செத்ததாகத்தான் காட்டும். பிறகு மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஃபேனை வெறும் பலகையில் தொங்கவிடாமல் கூரைச் சட்டத்தோடு முறுக்கினான். குழாயை வெளிச்சுவர் வரை சற்றே சரிவாகக் கொண்டுபோனான். உள்ளே வியர்க்கும் தண்ணீர் ஃபேன் பக்கம் திரும்பக் கூடாதல்லவா?

“ஃபியூஸைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு வேலை பாக்கற ஆளை இன்னைக்குத்தாம்மா பாக்கறேன்” என்றிருந்தார் மாமனார் அப்போது. “நாங்கல்லாம் கரண்ட் ஓடும்போதே கை வெச்சவங்க.” கை வைத்ததற்கான கருந்தழும்பு அவர் கட்டைவிரலில் இன்னும் இருந்தது.

இப்போது மருமகனுக்கு ஒன்றும் புரியவில்லை. சோதித்துப் பார்க்கத் திறந்துவிட்ட வெந்நீரின் ஆவி மூலையிலேயே தேங்கி நின்றது. இறக்கைகள் சரியான பக்கம்தான் சுற்றின. ஆனால் வெளிச்சுவரில் குழாயின் மூடி லேசாகத் துடித்ததே ஒழிய, திறக்கவில்லை.

ஐந்தாவது முறை காகிதத்தை நீட்டினான். அதே நேரம் மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு டீயோடு வந்தாள். காகிதம் பட்டென்று போய் ஒட்டியது.

“ஒட்டிடுச்சு!” என்று கத்தினான் மருமகன்.

“ஏம்மா கதவைத் திறந்தே? அந்த நீராவியைச் சுவாசிச்சா இன்னும் இருமுவே. சாத்து, சாத்து!” மாமனார் எழுந்து டீயை வாங்கிக்கொண்டு, அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவை அவரே அறைந்து சாத்தினார். காகிதம் மிதந்து வந்து அவர் டீயில் விழுந்தது.

“நல்லா ஒட்டிச்சு” என்றார். “சரி, நகரச் சொல்லும்மா. அனுபவம்னா என்னன்னு நான் காட்டறேன்.”

மருமகன் வெளியே வந்தான். கதவு மூடிக்கொண்டது. உள்ளே ஏணி கிறீச்சிட்டது, ஃபேனின் தலையில் இரண்டு தட்டு விழுந்தது. பிறகு இரைச்சல் மட்டும்தான்.

“என்னங்க, அப்பா சரி பண்ணிட்டா?” என்றாள் மனைவி மெதுவாக.

“ஆயுசு பூரா சொல்லிக் காட்டுவாரு.”

“பண்ணலைன்னா?”

“நீ போயிடுவே.”

அவள் கட்டில்மேல் இருந்த பையைப் பார்த்தாள். “எது தேவலை?”

“சொல்லிக் காட்டட்டும்” என்றான்.

உள்ளே துணி கிழிவது போல ஒரு சத்தம் நீளமாகக் கேட்டது. உடனே ஃபேனின் குரல் மாறியது. தொண்டை அடைத்துக் கத்தியது போய், நிதானமாக மூச்சு விட ஆரம்பித்தது.

“ரெண்டு பேரும் உள்ள வாங்க.”

உள்ளே வந்ததும் மாமனார் கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினார். காகிதம் ஃபேனில் ஒட்டிக்கொண்டு படபடத்தது. மூலையில் தேங்கியிருந்த நீராவி சுருள் சுருளாக மேலே ஏறி மறைந்தது.

“பாத்தீங்களா, எங்கப்பா கை வெச்சா தனிதான்!” என்றாள் மகள். அந்தப் பேச்சை மாமனார் ஏனோ பிடித்துக்கொள்ளவில்லை. கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

“என்ன கோளாறு மாமா?” மருமகன் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். “நான் எதைக் கவனிக்காம விட்டேன்?”

“அவர்கிட்ட சொல்லும்மா...” என்று மகளைப் பார்த்து ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். காலையிலிருந்து முதல் முறையாக மருமகனின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“உள்ள காத்து வந்தாத்தான் ஃபேன் வெளிய தள்ளும், மாப்பிள்ளை. கதவுக்கு அடியில ஒரு விரல் இடைவெளி வேணும். ஈரம் இவ பக்கம் வரக்கூடாதுன்னு போன வாரம் அதை ரப்பர் ஒட்டி அடைச்ச முட்டாள் நான்தான், இப்ப பிச்சு எடுத்துட்டேன்.”