இரண்டு தட்டு

சர்வேயர் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்ததும் கூடப் படிக்கும் நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இருபது நாள் சமையல் வகுப்பின் கடைசி நாள். ஆளுக்கு ஒரு ஆம்லெட், ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கு வறுவல். வீட்டிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டு முடித்தால் சான்றிதழ்.

மற்ற ஐந்து பேரும் முடித்துவிட்டார்கள். சர்வேயர்தான் பாக்கி.

இந்த விதியை அறிவித்த அன்றே நர்ஸ், சமையல் டீச்சரை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், "சார் யாரைக் கூட்டிட்டு வருவார், பாவம்?" என்று கேட்டிருந்தார்.

"அவரோடத நானே சாப்பிட்டுடறேன். யாரும் வாயத் திறக்காதீங்க" என்றிருந்தார் டீச்சர்.

முப்பத்து நான்கு வருடம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர் சர்வேயர். காய்களை அரை அங்குலத்துக்கு வெட்டச் சொன்னால் சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுப்பார். முதல் நாள் டீச்சர் பலகையில் 'உப்பு தேவையான அளவு' என்று எழுதியபோது கையைத் தூக்கி, "யாருக்குத் தேவையான அளவு?" என்று கேட்டார்.

இருபது வருடமாக அதை எழுதிக்கொண்டிருந்த டீச்சர் அன்று அந்த வரியை அழித்தார்.

மூன்றாம் நாள் வெங்காயம். கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவரிடம், இந்த வயதில் எதற்குச் சமையல் என்று நர்ஸ் பேச்சுக் கொடுத்தார்.

"வீட்டுக்காரி போயிட்டாம்மா. ஜூன் மாசம். அதுலேர்ந்து பேக்கரி ரொட்டிதான்."

வெட்டிக்கொண்டிருந்த எல்லாக் கத்திகளும் நின்றன.

"திடீர்னா சார்?"

"இல்ல. ரெண்டு வருஷமாவே தயாராத்தான் இருந்தா. எனக்குத்தான் மனசு ஒப்பல."

நர்ஸ் எத்தனையோ பேருடைய கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தவர். அந்தப் பழக்கத்தில் கேட்டார்: "போறப்ப ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னா. ஃப்ரிட்ஜ்ல மூணு நாளைக்கு இருக்கு, அப்புறம் உங்க பாடுன்னா."

நர்ஸ் வெளியே போய் அழுதுவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து சர்வேயருக்குத் தனிச் சலுகை. அவருடைய சூப்பில் கடலே இருந்தது. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. கல்யாணம் நிச்சயமான பெண் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தாள். அடி கரிந்த முட்டையைத் தின்றுவிட்டு, "உங்க கைக்குன்னு ஒரு ருசி இருக்கு சார்" என்றார் நர்ஸ்.

அதை அவர் நம்பிவிட்டார்.

இப்போது இரண்டு தட்டுகளையும் மேசை விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் நகர்த்தி வைத்தார். இரண்டு ஸ்பூன். இரண்டு டம்ளர். கடிகாரத்தைப் பார்த்தார்.

டீச்சர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்தார்.

"அங்க உட்காராதீங்க டீச்சர். அவ வருவா."

யார் கையிலிருந்தோ கரண்டி விழுந்தது. நர்ஸ் வந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்தார்.

கதவு திறந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மாள். முதுகில் பை, கழுத்தில் அடையாள அட்டை, மாடிப்படி ஏறிய மூச்சிரைப்பு.

"பஸ் லேட்டுங்க."

"யார் சார் இவங்க?" என்றார் நர்ஸ், பிடித்த கையை விடாமல்.

"சொன்னேனே, ஜூன்ல போனான்னு. சட்டக் கல்லூரி. ஹாஸ்டல்ல இருக்கா."

நர்ஸ் அவர் கையை விட்டுவிட்டுப் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அந்த அம்மாள் உட்கார்ந்து ஒரு வாய் எடுத்தார். வெகுநேரம் மென்றார். பிறகு நிமிர்ந்து, "இங்க யாருமே உங்ககிட்ட எதுவும் சொல்லலையா?" என்று கேட்டார்.

ஐந்து பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

ஆனாலும் சாப்பிட்டார். பாதி ஆம்லெட் போனபின், தட்டைப் பார்த்தபடியே தணிந்த குரலில் சொன்னார்:

"ரெண்டு பேப்பர் போச்சுங்க. கூடப் படிக்கிற பிள்ளைங்களுக்கு ஒரு தடவை படிச்சா நிக்குது. எனக்குப் பக்கத்தைத் திருப்பினா மறந்துபோகுது. பேசாம பெட்டியைக் கட்டிட்டு வந்துடறேன். நீங்களும் இதையெல்லாம் தின்னுக்கிட்டு இருக்க வேணாம்."

சர்வேயர் தோசைக்கரண்டியைப் பிடித்தபடி நின்றார்.

ஜூன் மாதம் முழுக்க ஒவ்வொரு தடவை போன் அடித்தபோதும் அவர் எதிர்பார்த்தது இந்த ஒரு வார்த்தையைத்தான். வந்துடறேன். எங்கே அவள் வாயிலிருந்து அது வராமலே போய்விடுமோ என்று பயந்துகூட இருந்தார்.

தோசைக்கரண்டியை மேசை விளிம்புக்கு இணையாக வைத்தார்.

"அதெப்படி வர முடியும்? நான் ரெண்டாம் நிலை வகுப்புல சேர்ந்துட்டேனே. ஆறு மாசம்."

அம்மாள் டீச்சர் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

டீச்சருக்குத் தெரிந்தது இந்த இருபது நாள் வகுப்பு ஒன்றுதான். வாசல் பலகையிலும் அது ஒன்றுதான் எழுதியிருந்தது.

"ஆமாம்மா. திங்கட்கிழமை ஆரம்பம்."

"நானும் சேர்ந்திருக்கேன்" என்றார் நர்ஸ், யாரும் கேட்காமலே.

அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே பருவம்தான் படித்திருந்தாலும், படித்தது சட்டம்.

"ரெண்டாம் நிலைல முதல் பாடம் என்ன?"

டீச்சர் தட்டில் மிச்சமிருந்ததைப் பார்த்தார்.

"ஆம்லெட்" என்றார்.