ஆணியில் தொங்கிய சிவப்பு ஏப்ரன்

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், பல்கேரியாவில் ஒரு ஓவியர் வீட்டு ஆணியில், பெண்கள் இடுப்பின் முன்னால் கட்டும் சிவப்பு ஏப்ரன் ஒன்று தொங்கியது. பூவேலை நிறைந்தது. ஒரு படத்திலாவது ஏறிவிட வேண்டும் என்று அதற்கு வெகுநாள் ஆசை.

ஒருநாள் ஸ்டோயனா என்ற விதவை, துக்கத்துக்கான கறுப்பு ஏப்ரன் கட்டி வந்தாள். செத்துப்போன புருஷன் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட அவளுக்குத் தன் படம் வேண்டும்.

"கறுப்பு எடுபடாதும்மா," என்று ஓவியர் சிவப்பை நீட்டினார். எதிர்த்துப் பேச வராமல் அவள் கட்டிக்கொண்டாள்.

ஏப்ரன் தூரிகையிடம் சொன்னது: "அண்ணே, சிவப்பு இங்கே கல்யாணப் பெண்ணுக்கு. புருஷன் பக்கத்தில் இவளை இப்படி மாட்டினால் ஊர் என்ன பேசும்? என்னைக் கறுப்பாய்த் தீட்டிவிடு."

"முடியாது. தொட்ட வண்ணத்தைத்தான் பூசுவேன்."

"சரி, கொஞ்சம் மங்கலாகவாவது?"

"அட பைத்தியமே, உனக்கு யோகம் அடித்திருக்கிறது. இதை விட்டால் உன்னை யார் வரையப் போகிறார்கள்?"

"அவள் துக்கத்தின்மேல் ஏறி உட்கார எனக்கு மனசு வராது," என்ற ஏப்ரன் முடிச்சை நழுவவிட்டுக் கீழே விழுந்தது. ஓவியர் கட்டக் கட்ட விழுந்தது. "உதவாக்கரை," என்று அதை மூலையில் எறிந்துவிட்டு, அவளைக் கறுப்பிலேயே வரைந்தார்.

வேலை முடிந்ததும் அந்தச் சிவப்பைக் கிழித்து, தூரிகை துடைக்கும் துணியாக்கினார். கறுப்பு அப்பிய தூரிகை அதன்மேல் படத் தயங்கியது.

"அழுத்தியே துடை அண்ணே," என்றது துணி. "அவள் கறுப்பு கொஞ்சம் எனக்கும் இருக்கட்டும்."