வரைந்த வெட்டு

படத்தில் வரும் வீரனைப் போலவே வேஷம் கட்ட வேண்டும் என்று ஜெரால்டு ஃபோம் ஷீட்டை அறுத்து, பசை போட்டு ஒட்டி, ஒரு மார்புக் கவசம் செய்தான். ஒட்டின இடத்தில் பட்டி பார்த்துவிட்டு உப்புத்தாளைக் கையில் எடுத்தான்.

"மெதுவா அண்ணே, கத்தி அறுத்த இடம். உயிர் போகுது," என்றது கவசம்.

"பொறுத்துக்கடா தம்பி. படத்துல இருக்கிற கவசத்துல ஒட்டே கிடையாது. தெரிஞ்சா சிரிப்பாங்க," என்ற உப்புத்தாள், தன் மேலிருந்த மணல் அத்தனையும் உதிரும்வரை தேய்த்தது. ஒட்டு இருந்த சுவடே தெரியவில்லை.

மறுநாள் ஜெரால்டு படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கவசத்தின் வலப்பக்கம் கறுப்புப் பெயிண்டில் நீளமாய் ஒரு வாள்வெட்டு வரைந்தான்.

மாறுவேட விழாவில் கூட்டம் அந்த வெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. "அடேயப்பா, என்ன மாதிரி வெட்டு!" முதலில் கவசம் கூச்சப்பட்டது. மத்தியானத்துக்குள் பக்கத்தில் நின்ற வேறொரு வேஷக்காரனின் தலைக்கவசத்திடம், "ஏழு பேர் வந்தானுங்க. நான் ஒத்தை ஆளு," என்று அளந்துகொண்டிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஜெரால்டு பையில் போட்டுவந்த உப்புத்தாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தது.

வெயிலில் பசை இளகி, பழைய ஒட்டு மெல்ல வாய் பிளந்தது.

"அண்ணே! ஓடி வாங்க!"

"வலிக்குதாடா?"

"வலி கிடக்கட்டும்ணே. எவனாவது பார்த்துட்டா மானம் போயிடும். சீக்கிரம் தேய்ச்சு மறைங்க!"

"என் மணலெல்லாம் உன் மேலயே போயிடுச்சு," என்றது உப்புத்தாள். "அந்த ஏழு பேர்ல ஒருத்தனைக் கூப்பிடு."